கலத்தின் தாங்குதிறன்: மூவகை எழுத்துக்கள் மீதான ஒரு விமர்சன நோக்கு

வெப்பம், பசி, ஒட்சிசன் குறைவு, நச்சுப் பொருட்கள் முதலானவற்றால் நேரும் பாதிப்புக்களை உடலின் கலங்கள் எவ்வாறு தாங்குகின்றன, அவற்றிலிருந்து எவ்வாறு மீள்கின்றன என்ற வினா, கடந்த அறுபது ஆண்டுகளாக உயிரியலின் முதன்மையான வினாக்களுள் ஒன்றாக இருந்து வருகின்றது. அதற்குக் கிடைத்த விடைகள் ஆய்வுகூடத்தின் எல்லையைக் கடந்து பொது வாசகரையும் வந்தடைந்துள்ளன. இது வரவேற்கத்தக்கதே. எனினும் வந்தடைந்த வழியில் அவை பெரிதும் உருமாறியுள்ளன என்பதையும் நாம் மறுப்பதற்கில்லை.

இத்துறை பற்றி இன்று எழுதப்படுபவற்றை மூன்று வகைகளாக நாம் பிரித்து நோக்கலாம். முதலாவது, மாத்திரைகளையும் சத்துப் பொருட்களையும் சார்ந்து எழும் வணிக எழுத்து. இரண்டாவது, முதுமையை வெல்ல வழி கூறும் நீள்ஆயுள் நூல்கள். மூன்றாவது, நோன்பின் சிறப்பை நிறுவுவதற்காகக் கல உயிரியலைச் சான்றாகக் கொள்ளும் சமய எழுத்து. மூன்றின் நோக்கங்களும் வெவ்வேறானவை. ஆயினும் மூன்றும் ஒரே தவறான கருத்தின் மீது நிற்கின்றன. தாங்குதிறன் என்பது கூட்டக் கூட்ட நன்மை தரும் ஒரு சேமிப்பு என்பதே அக்கருத்து. உண்மையில் அது அளவும் காலமும் எல்லையும் உடைய ஒரு துலங்கலாகும். இவ்வேறுபாட்டை மறந்ததனால் விளைந்தவற்றை இக்கட்டுரையில் ஆராய விழைகின்றோம்.

ஒரு சொல்லின் வரலாறு

1936 இல் ஹன்ஸ் செலியே எனும் அறிஞர் ‘நேச்சர்’ சஞ்சிகையில் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார். குளிர், காயம், மிகையான உழைப்பு, நச்சு மருந்து என வேறுபட்ட பாதிப்புக்களுக்கு எலிகளை உட்படுத்தியபோது அவற்றின் உடல்கள் ஏறத்தாழ ஒரே வகையான மாற்றங்களைக் காட்டின என்பது அதன் சாரம். பிற்காலத்தில் இந்நிலையைக் குறிக்க அவர் நிலைபெறச் செய்த சொல்லையே நாம் தமிழில் ‘தகைப்பு’ என்கின்றோம்.

அச்சொல் பௌதிகவியலுக்கு உரியது. உயர்தர வகுப்பில் பௌதிகவியல் கற்றோர் தகைப்பையும் விகாரத்தையும் அறிவர். ஒரு கம்பியை இழுத்தால் அது நீள்கின்றது. மீள்தன்மை எல்லைக்குள் இருக்கும்வரை விட்டவுடன் பழைய நிலைக்குத் திரும்புகின்றது. இங்கு கம்பி எதனையும் ‘செய்வதில்லை’. அதனைப் பலப்படுத்த விரும்பினால் தடிப்பான கம்பியை எடுத்துக்கொள்ளலாம். கலத்தின் நிலை இவ்வாறானதன்று. அது பாதிப்பை உணர்கின்றது. சில வேலைகளை நிறுத்துகின்றது. வேறு சிலவற்றைத் தொடங்குகின்றது. பழுதானவற்றைத் திருத்துகின்றது அல்லது அகற்றுகின்றது. சொல் பௌதிகவியலிலிருந்து வந்தபோது கம்பியின் உருவகமும் கூடவே வந்துவிட்டது. ‘கலங்களைப் பலப்படுத்துங்கள்’ என்ற விளம்பரத் தொடரின் வேர் அங்கேதான் உள்ளது.

ஆய்வுகூடம் கண்டவை

1962 இல் இத்தாலிய மரபியலாளர் பெரூச்சியோ ரிட்டோஸா, பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பிக் கலங்களைச் சற்று உயர்ந்த வெப்பநிலைக்கு உட்படுத்தியபோது நிறமூர்த்தங்களில் வழமைக்கு மாறான இடங்களில் வீக்கங்கள் தோன்றுவதை அறிவித்தார். அவ்விடங்களில் பரம்பரையலகுகள் விழித்தெழுகின்றன என்பதே அதன் பொருள். 1974 இல் அல்பிரட் திசியேரும் அவருடன் பணியாற்றியோரும் அதன் விளைவாக உருவாகும் புரதங்களை இனங்கண்டனர். இன்று அவை வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என வழங்கப்படுகின்றன. மடிப்புக் குலைந்த புரதங்களை மீண்டும் சீராக மடிப்பதும், சீராக்க முடியாதவற்றை அழிப்புக்கு அனுப்ப உதவுவதும் அவற்றின் பணி. முன்னரே மிதமான வெப்பத்தைச் சந்தித்த கலம், பின்னர் வரும் கடும் வெப்பத்திலும் உயிர் பிழைக்கக் கூடும். ஆனால் இப்பேறு நிலையானதன்று. சில நாட்களில் மறைந்துவிடும். மேலும், இத்துலங்கல் நிகழும் வேளையில் கலம் தனது ஏனைய புரத உற்பத்தியில் பெரும்பகுதியைக் குறைத்துக்கொள்கின்றது. தாங்குதலுக்கு ஒரு விலை உண்டு என்பதனை இது காட்டுகின்றது.

1963 இல் கிறிஸ்டியன் டி டூவ், கலம் தன் சொந்தப் பகுதிகளையே உறையிலிட்டு இலைசோசோமில் செரிக்கும் நிகழ்வுக்கு ‘ஓட்டோபஜி’ எனப் பெயரிட்டார். தமிழில் இதனைத் தன்னுண்ணல் எனலாம். அந்நிகழ்வின் பொறிமுறை முப்பது ஆண்டுகளாகப் பெரும்பாலும் இருளில் இருந்தது. ஜப்பானிய அறிஞர் யொஷினோரி ஒசூமி, செரிக்கும் நொதியங்கள் இல்லாத மதுவக் கலங்களைப் பட்டினியிட்டு நுணுக்குக்காட்டியில் நோக்கினார். அவற்றின் புன்வெற்றிடத்தினுள் செரிக்கப்படாத சிறு உடலங்கள் குவிந்து கிடந்தன. 1992 இல் இதனை வெளியிட்ட அவர், அடுத்த ஆண்டில் இந்நிகழ்வுக்கு இன்றியமையாத 15 பரம்பரையலகுகளுக்கு வழிகாட்டினார். 2016 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது இப்பொறிமுறையைக் கண்டறிந்தமைக்காகவே.

மூன்றாவது சான்று இதயத்திலிருந்து வருகின்றது. 1986 இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய்களின் இதய நாடியொன்றை ஐந்து நிமிடம் அடைத்து, ஐந்து நிமிடம் திறந்து, இவ்வாறு நான்கு முறை செய்தபின் 40 நிமிடம் முழுமையாக அடைத்தனர். முன்பயிற்சி பெறாத இதயங்களோடு ஒப்பிடுகையில், இவ்விதயங்களில் இறந்த தசையின் அளவு ஏறத்தாழ நான்கில் ஒன்றாகவே இருந்தது. சிறு துன்பம் பெருந்துன்பத்தினின்றும் காத்தது. பலரும் மேற்கோள் காட்டும் இவ்வாய்வின் மறுபாதி அரிதாகவே பேசப்படுகின்றது. அடைப்பு மூன்று மணி நேரம் நீடித்தபோது முன்பயிற்சியால் எந்தப் பயனும் விளையவில்லை. ஓரிரு மணி நேரத்தில் அப்பாதுகாப்பு தேய்ந்து விடுவதும், ஏறத்தாழ ஒரு நாளின் பின் மெலிந்த வடிவில் மீண்டும் தோன்றுவதும் பிற்கால ஆய்வுகளில் தெளிவாயின. மனிதரிடத்தில் கையின் குருதியோட்டத்தை இடைக்கிடை தடுத்து இதே பயனை இதய அறுவைச் சிகிச்சையின்போது பெற முயன்ற இரு பெரும் ஆய்வுகள் 2015 இல் வெளியாயின. இரண்டும் பயன் இல்லை என்றே முடித்தன.

வணிக எழுத்தின் குறை

1956 இல் டென்ஹம் ஹாமன், ஒட்சிசனிலிருந்து பிறக்கும் தாக்கமிகு மூலிகங்களே முதுமைக்குக் காரணம் எனும் கொள்கையை முன்வைத்தார். அதிலிருந்து ஓர் எளிய முடிவு பெறப்பட்டது: அம்மூலிகங்களை அழிக்கும் ஒட்சியேற்ற எதிரிகளை விழுங்கினால் கலம் காக்கப்படும். தருக்கம் அழகானது, சோதனை அதனை ஏற்கவில்லை. பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்போரிடம் நடத்தப்பட்டு 1994 இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பீற்றா கரோட்டின் உட்கொண்டோரிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடைபெற்ற மற்றோர் ஆய்வில் பீற்றா கரோட்டினும் விற்றமின் ஏயும் சேர்த்து வழங்கப்பட்டன. அங்கு இவ்வதிகரிப்பு 28 சதவீதமாக இருந்தமையால் 1996 இல் அது குறித்த காலத்துக்கு முன்னரே நிறுத்தப்பட்டது.

2009 இல் வெளியான ஜெர்மானிய ஆய்வொன்று காரணத்தின் ஒரு பகுதியைத் தெளிவுபடுத்தியது. நான்கு வார உடற்பயிற்சி இளைஞர்களின் உடலில் இன்சுலினின் செயற்பாட்டை மேம்படுத்தியது. அதே பயிற்சியுடன் விற்றமின் சீயையும் ஈயையும் மிகு அளவில் உட்கொண்டோரிடம் அம்மேம்பாடு ஏற்படவில்லை. தசை உழைக்கும்போது பிறக்கும் தாக்கமிகு ஒட்சிசன் சேர்வைகள் வெறும் கழிவுகள் அல்ல. அவை கலத்துக்குச் செய்தி சொல்பவை. அவற்றை அடக்கியதனால் கலம் தன் சொந்தப் பாதுகாப்பை எழுப்பவேண்டிய அழைப்பே கேட்காமற் போயிற்று. கலத்தைக் காக்கப் புறப்பட்ட மாத்திரை, கலம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியை மறித்தது. வணிக எழுத்து இவ்வாய்வுகளைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் விற்பதற்கு எதுவும் எஞ்சாது.

நீள்ஆயுள் நூல்கள்

இரண்டாம் வகைக்கு எடுத்துக்காட்டாக, ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் டேவிட் சின்க்ளேர் 2019 இல் வெளியிட்ட ‘லைப்ஸ்பான்’ எனும் நூலை எடுத்துக்கொள்கின்றோம். முதுமை என்பது ஒரு நோய். கலம் எந்தப் பரம்பரையலகை எப்போது பயன்படுத்த வேண்டும் என்ற தகவலை இழப்பதே அந்நோயின் அடிப்படை. பசி, குளிர், உடற்பயிற்சி போன்ற மிதமான இடர்கள் பழமையான ஒரு பிழைப்புப் பொறிமுறையை எழுப்பி இவ்விழப்பைத் தாமதப்படுத்துகின்றன என்பன அதன் மையக் கருத்துக்கள். கடினமான உயிரியலைப் பொது வாசகருக்கு விளங்கவைக்கும் ஆற்றல் ஆசிரியருக்கு நிறையவே உண்டு. சிறு இடரின் பயனை வலியுறுத்தும் வகையில் வணிக எழுத்தைக் காட்டிலும் இந்நூல் அறிவியலுக்கு நெருக்கமானது.

எனினும், ஆசிரியர் எச்சரிக்கைகளுடனேனும் தாம் அன்றாடம் உட்கொள்ளும் பொருட்களைப் பட்டியலிடும் இடத்தில் நூலின் தொனி மாறுகின்றது. அவற்றுள் ஒன்று, திராட்சைத் தோலில் காணப்படும் ரெஸ்வெரட்ரோல். 2003 இல் அது மதுவத்தின் ஆயுளை நீட்டுவதாக அவரது குழு அறிவித்தது. 2006 இல் மிகைக் கொழுப்புணவு உண்ட எலிகளில் பயன் காணப்பட்டது. ஆனால் வழமையான உணவு உண்ட எலிகளின் ஆயுள் நீளவில்லை என்பது 2008 முதல் வெளியான ஆய்வுகளில் தெளிவாயிற்று. இப்பொருளின் அடிப்படையில் அவர் பங்கேற்று நிறுவிய நிறுவனத்தை 2008 இல் கிளக்சோ ஸ்மித்கிளைன் 720 மில்லியன் டொலருக்கு வாங்கியது. 2013 இல் அதன் ஆய்வகத்தை மூடியது. இவ்வரலாற்றை அறியும் வாசகர், அப்பட்டியலை வேறு கண்ணோடு நோக்குவார்.

ஒப்பிடத்தக்க மற்றொரு பொருள் ரபமைசின். 2009 இல் வெளியான ஆய்வில், 600 நாள் வயதடைந்த எலிகளுக்கு அதனை ஊட்டியபோதும் அவற்றின் ஆயுள் நீண்டது. போசணை மிகுந்த வேளையில் தன்னுண்ணலைத் தடுத்து வைக்கும் புரதத்தை அது அடக்குகின்றது. அதே மருந்து, சிறுநீரகம் மாற்றப்பட்ட நோயாளரில் உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்குவதற்காகவும் பயன்படுத்தப்படுகின்றது. ஒரே பொருள் ஒரு பக்கம் தாங்குதிறனை எழுப்புகின்றது; மறுபக்கம் காவலைத் தளர்த்துகின்றது. இவ்விரு பக்கங்களையும் ஒரே பக்கத்தில் எழுதும் துணிவே இத்தகைய நூல்களிடம் நாம் எதிர்பார்ப்பது.

யாருடைய வலிமை?

மூவகை எழுத்துக்களும் கேட்கத் தவறும் வினா ஒன்றுண்டு. எந்தக் கலத்தை வலுப்படுத்தப் போகின்றோம்?

உலகில் மிகுந்த தாங்குதிறன் வாய்ந்த மனிதக் கலங்களுள் சில, 1951 இல் ஹென்றியேட்டா லாக்ஸ் எனும் அமெரிக்கப் பெண்ணின் கருப்பைக் கழுத்துப் புற்றிலிருந்து எடுக்கப்பட்டவை. அப்பெண் அவ்வாண்டிலேயே மரணித்தார். அக்கலங்களோ இன்றும் ஆய்வுகூடங்களில் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கின்றன. கலத்தின் வலிமையும் மனிதரின் நலமும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இது தனித்த நிகழ்வன்று. வெப்ப அதிர்ச்சித் துலங்கலை இயக்கும் முதன்மைப் புரதம் நீக்கப்பட்ட எலிகளில் புற்று உருவாவது குறைந்தது என 2007 இல் சூசன் லிண்ட்குவிஸ்டின் குழு காட்டியது. நம்மைக் காக்கும் அதே பொறிமுறை புற்றுக் கலத்தையும் காக்கின்றது. தன்னுண்ணலும் அவ்வாறே: தொடக்க நிலையில் புற்று உருவாவதைத் தடுக்க உதவும் அது, வளர்ந்துவிட்ட கட்டியில் பசித்திருக்கும் புற்றுக் கலங்களுக்கு உணவளிக்கவும் கூடும். 2014 இல் வெளியான சுவீடன் ஆய்வொன்றில், நுரையீரல் கட்டியுடைய எலிகளுக்கு ஒட்சியேற்ற எதிரிகளை வழங்கியபோது கட்டிகள் விரைவாக வளர்ந்தன.

தாங்குவது மட்டுமன்று, உரிய வேளையில் விட்டுக்கொடுப்பதும் கலத்தின் கடமையே. 2002 ஆம் ஆண்டின் நோபல் பரிசு இதனை எடுத்துரைத்தது. ஒரு மில்லிமீற்றர் நீளமான சிறு புழுவொன்றின் வளர்ச்சியில் 1,090 உடற்கலங்கள் தோன்றுகின்றன. அவற்றுள் 131 கலங்கள் ஓர் ஒழுங்கின்படி இறந்துவிடுகின்றன. எஞ்சும் 959 கலங்களின் உடல் அவ்விறப்புக்களினாலேயே உருவம் பெறுகின்றது.

சமய எழுத்தின் பொறுப்பு

மூன்றாம் வகை எழுத்து நமக்கு மிக அருகிலுள்ளது; ஆகவே அதனை விமர்சிப்பதில் நமக்குள்ள பொறுப்பும் கூடுதலானது. ரமழான் நெருங்கும்போது வெளிவரும் சிறு நூல்களிலும் ஆக்கங்களிலும், நோன்பு புற்றுநோய்க் கலங்களை அழிக்கும் என்பதை நிரூபித்தமைக்காகவே ஜப்பானிய அறிஞருக்கு நோபல் பரிசு கிடைத்தது என்ற கூற்று பரவலாக இடம்பெற்று வருகின்றது. ஒசூமிக்குப் பரிசு பெற்றுத் தந்த கண்டுபிடிப்பு மதுவத்தில் நிகழ்ந்தது. நோன்பாளி எவரும் அதில் இல்லை, புற்றுநோயாளரும் இல்லை. எலிகளில் தன்னுண்ணலைத் தூண்ட வழமையாக 24 மணி நேரப் பட்டினி பயன்படுத்தப்படுகின்றது. உடல் எடைக்கு ஒப்பிடுகையில் நம்மைவிடப் பன்மடங்கு விரைவாகச் சக்தியைச் செலவிடும் எலிக்கு ஒரு நாள் பட்டினி என்பது மனிதனுக்கு ஒரு பகற்பொழுது நோன்பாகாது. மனித உறுப்புக்களினுள் தன்னுண்ணலின் ஓட்டத்தை நேரடியாக அளப்பதற்கு எளிய வழியும் இல்லை. ஆகவே ‘இத்தனையாம் மணி நேரத்தில் கலத் துப்புரவு தொடங்குகின்றது’ என எழுதப்படும் அட்டவணைகளுக்கு உறுதியான அடிப்படை கிடையாது.

இதனால் நேரும் தீங்கு கருத்தளவில் நிற்பதன்று. 2001 ஆம் ஆண்டின் ரமழானை மையமாகக் கொண்டு 13 நாடுகளில் 12,243 நீரிழிவாளரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2004 இல் வெளியானது. வைத்தியசாலையில் சேர்க்கும் அளவுக்குக் குருதிச் சீனி கடுமையாக வீழ்ச்சியடையும் நிகழ்வுகள் அம்மாதத்தில் முதலாம் வகை நீரிழிவாளரிடையே 4.7 மடங்காகவும், இரண்டாம் வகையினரிடையே 7.5 மடங்காகவும் உயர்ந்தன. நோன்பு ஒவ்வொரு கலத்தையும் புதுப்பிக்கும் மருந்து என நம்பும் ஒரு நீரிழிவாளர், மருத்துவரிடம் கலந்து மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றாமலே நோன்பைத் தொடங்கக் கூடும். தமக்கு நேரும் தளர்ச்சியை ‘கலங்கள் சுத்தமாவதன் அடையாளம்’ என எண்ணிப் பொறுத்திருக்கவும் கூடும். அத்தளர்ச்சி உயிராபத்தின் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

அல்குர்ஆன் நோன்பைப் பற்றிப் பேசும் இடத்தில் (2:183-185) அதன் நோக்கமாகக் கூறுவது தக்வாவையே. நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாட்களில் நிறைவேற்றும் சலுகையை அதே வசனங்கள் வழங்குகின்றன. நோன்பே நோய்க்கெல்லாம் மருந்து எனக் கொண்டால் நோயாளிக்கு அளிக்கப்பட்ட அச்சலுகையின் பொருள் என்ன? உடல்நலம் நோன்பின் துணைப் பயனாக அமையலாம். அதனை நோக்கமாக்கும்போது வணக்கம் ஒரு சிகிச்சை முறையாகச் சுருங்கிவிடுகின்றது.

இவ்வகை எழுத்துக்கு நீண்ட பின்னணி உண்டு. ஹிஜ்ரி 790 (கி.பி. 1388) இல் மறைந்த கிரனடாவின் பேரறிஞர் இமாம் ஷாதிபி, தமது ‘அல்முவாபகாத்’ நூலில், எல்லா அறிவியல்களையும் அல்குர்ஆனுக்குள் காணும் போக்கை ஏற்க மறுத்தார். பின்னாளில் தன்தாவி ஜவ்ஹரியின் விரிவுரையும், 1976 இல் வெளியான மொரிஸ் புகைலின் நூலும் மறுதிசையில் பெருஞ்செல்வாக்குப் பெற்றன. இவ்விவாதத்தின் முழுப் பரப்பையும் இங்கு நாம் எடுத்துக்கொள்ளவில்லை. எனினும் கல உயிரியலைப் பொறுத்தவரை ஷாதிபியின் எச்சரிக்கை பொருத்தமானதே. ஆய்வுகூட முடிவு திருத்தத்துக்கு உட்பட்டது. ரெஸ்வெரட்ரோலும் பீற்றா கரோட்டினும் ஒரு காலத்தில் உறுதியாகத் தோன்றியவையே. நம்பிக்கையை அவ்வாறான ஒரு முடிவோடு பிணைப்போர், அம்முடிவு திருத்தப்படும் நாளில் வாசகருக்கு என்ன விடையளிப்பர்?

வேண்டுவது எத்தகைய எழுத்து?

இத்துறையைப் பற்றி எழுதவே கூடாது என்பது நமது கருத்தன்று. மாறாக, மேலும் எழுதப்பட வேண்டும். அளவான உடலுழைப்பு கலங்களின் சக்தி உற்பத்தியையும் திருத்தும் ஆற்றலையும் மேம்படுத்துகின்றது என்பதற்கு மனிதரிடமே வலுவான சான்றுகள் உள்ளன. புகைத்தலை விடுவது கலத்தின் மீதான ஒரு பெருஞ்சுமையை இறக்குகின்றது. போதிய உறக்கத்தின் பயனும் ஐயத்துக்குரியதன்று. இவற்றுள் எதுவும் புட்டியில் அடைக்கப்பட்டு வருவதன்று. எவரது பரிசையும் சான்றாகக் காட்ட வேண்டியதுமன்று.

கலத்தின் தாங்குதிறன் பற்றிய கூற்றெதனையும் சந்திக்கும்போது வாசகர் சில வினாக்களை எழுப்புதல் நன்று. இது எவ்வுயிரில் கண்டறியப்பட்டது? எந்த அளவில், எவ்வளவு காலத்துக்கு? எந்த எல்லைக்கு அப்பால் பயன் தீமையாக மாறுகின்றது? எவருக்கு இது பொருந்தாது? இவற்றுக்கு விடை தரும் எழுத்து நம்பத்தக்கது. விடை தராத எழுத்து, அது எத்துணை நல்ல நோக்கத்துடன் எழுதப்பட்டிருப்பினும், வாசகரின் உடலைப் பணயமாக வைக்கின்றது.